18 கிராம் தண்ணீர்: கஞ்சிக்கோட்டில் ஒரு சைக்கிள் ஹெல்மெட் தோற்ற விதம்

சோதனைக்கூடத்திலிருந்து வந்த அறிக்கை நான்கு பக்கம். முதல் மூன்றை யாரும் படிக்கவில்லை. நான்காம் பக்கத்தில் பின்மண்டை வரிக்கு எதிரே 250-ஐத் தாண்டிய ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் 'தோல்வி' என்ற சொல்லும் இருந்தன. இரண்டாவது ஹெல்மெட்டுக்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அப்படியே.

நான் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் அலுமினிய அச்சு செய்கிறவன். வீடு வேலந்தாவளத்தில். காலையில் கேரள எல்லை தாண்டிப் போய், இரவில் எல்லை தாண்டி வருவேன். தோற்றுப்போன அந்த ஹெல்மெட்டின் அச்சு என் பட்டறையில் கடைந்தது. அதனால் இதை வெளியே நின்று எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பழியில் என் பங்கும் உண்டு, அது பின்னால் வரும்.

தொழிற்சாலை கஞ்சிக்கோட்டில். வாளையார் தாண்டி பாலக்காடு போகும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் கொட்டகைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். பல வருடமாகத் தெர்மோகோல் வேலைதான்: பொன்னானிக்கும் பேப்பூருக்கும் போகும் மீன் பெட்டி, கோவை பம்ப்செட்டுக்கு மூலை பேக்கிங். முதலாளி கோவைக்காரர். ஃபோர்மேன் கொழிஞ்சாம்பாறைக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு துபாய் வியாபாரி ஐரோப்பியத் தரமான இ.என். 1078-ல் தேறிய சைக்கிள் ஹெல்மெட் கேட்டார். "ஏனுங்க, அதும் தெர்மோகோல்தானுங்களே?" என்றார் முதலாளி. அது சரிதான். அந்தச் சரியிலிருந்துதான் எல்லாத் தவறும் தொடங்கியது.

ஹெல்மெட்டுக்குள் என்ன இருக்கிறது

பைக் ஹெல்மெட்டைத் தட்டினால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அதன் ஓடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலோ ஃபைபரிலோ தடிமனாக இருக்கும். சைக்கிள் ஹெல்மெட்டின் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தலையைக் காப்பது அதற்குள் இருக்கும் வெள்ளை நுரை. மீன் பெட்டியும் அதே பாலிஸ்டைரீன் நுரைதான், ஆனால் அடர்த்தி வேறு. மீன் பெட்டியில் ஒரு லிட்டர் நுரை சுமார் 20 கிராம் இருக்கும். ஹெல்மெட்டில் 60 முதல் 100 கிராம் வரை. நாங்கள் 80 என்று வைத்துக்கொண்டோம்.

இந்த நுரை வேலை செய்வது நசுங்குவதன் மூலம். இ.என். 1078 சோதனையில் ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைத் தட்டையான இரும்பின் மேல் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். மோதும்போது வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுத்தர அளவுத் தலையின் எடை 4.7 கிலோ. அந்தத் தலைக்குள் இருக்கும் கருவி 250 ஜி-க்கு மேல், அதாவது புவியீர்ப்பைப்போல 250 மடங்குக்கு மேல் காட்டக் கூடாது. நடைமேடை விளிம்பு போன்ற கூர்முனை இரும்பின் மேல் போடும்போது உயரம் குறைவு, 1.06 மீட்டர். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சி-யின் விதி 1999 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் தட்டையான இரும்புக்கு உயரம் 2 மீட்டர், வரம்பு 300 ஜி.

கணக்குப் போட்டால், 5.42 மீட்டர் வேகத்தை ஒரே சீராக 250 ஜி-யில் நிறுத்த வெறும் 6 மில்லிமீட்டர் தூரம் போதும். அப்படியென்றால் ஹெல்மெட் நுரை ஏன் 25, 30 மில்லிமீட்டர் இருக்கிறது? இரண்டு காரணம். எந்த நுரையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராகத் தடுக்காது. அதோடு தன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு நசுங்கிவிட்டால் நுரை கல்லாகிவிடும். அதற்கு மேல் வரும் அடி அப்படியே தலைக்குப் போகும். பட்டறையில் இதை 'அடி தட்டுவது' என்போம். எங்கள் பின்மண்டையில் நடந்தது அதுதான். ஆனால் அது தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

செய்யும் முறை

ஆலையில் வந்து இறங்கும்போது மூலப்பொருள் ரவை போலத்தான் இருக்கும், மில்லிமீட்டருக்கும் சின்ன மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும், சூட்டில் வாயுவாகும் பென்டேன் கொஞ்சம் அடைபட்டிருக்கிறது. பிரீ எக்ஸ்பாண்டரில் போட்டு ஸ்டீம் விட்டால் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் விரியும், மணி பொரிபோல உப்பும். எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை ஸ்டீமும் நேரமும்தான் முடிவு செய்யும். மீன் பெட்டிக்கு நன்றாக உப்ப விடலாம். ஹெல்மெட்டுக்குக் கொஞ்சத்தில் நிறுத்த வேண்டும், பொரியரிசியை அடுப்பிலிருந்து பாதியில் இறக்குவது மாதிரி.

உப்பிய மணிகளை உடனே அச்சில் போட முடியாது. ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி சுருங்கித் தண்ணீராகி, மணிக்குள் அழுத்தம் குறைந்திருக்கும். அந்த நிலையில் வார்த்தால் பொருள் குழியும். அதனால் துணிப்பை சைலோவில் பல மணி நேரம் ஆறப்போட்டுக் காற்று உள்ளே ஊறிப் போக விட வேண்டும். அதிக நாள் விட்டாலும் ஆகாது. பென்டேன் வெளியேறிவிடும், அச்சில் மணிகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. புளித்த மாவு மாதிரிதான், நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.

ஓடு தனி வேலை. பாலிகார்பனேட் தகட்டின் உள்பக்கத்தில் படம் அச்சடிப்பார்கள், உராய்ந்து போகாமல் இருக்க. தகடு இழுபடும்போது படமும் இழுபடும் என்பதால் முதலிலேயே கோணல்மாணலாக அடிக்க வேண்டும். பிறகு சூடாக்கி, வேக்கூம் போட்டு இழுத்து, விளிம்பையும் காற்றுத் துளைகளையும் வெட்டுவார்கள். அந்த ஓட்டை அச்சுக்குள் வைத்து, பின்னால் மணிகளைக் காற்றோடு ஊதி நிரப்பி, ஸ்டீம் விட்டால் மணிகள் ஒன்றோடொன்றும் ஓட்டோடும் சேர்ந்துகொள்ளும். பாலிகார்பனேட்டே ஏன் என்றால், அது இளகுவது 147 டிகிரி வாக்கில். நுரை சுமார் 100 டிகிரியில் இளகும். இடையில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஸ்டீம் வேலை செய்கிறது. மலிவு ஹெல்மெட்டுகளில் பிவிசி ஓடு போடுவார்கள். அது 80 டிகிரியிலேயே தளர்ந்துவிடும் என்பதால் அச்சுக்குள் வைக்க முடியாது. நுரையைத் தனியாக வார்த்துப் பின்னால் ஒட்டுவார்கள், சுற்றி ஒரு டேப் ஓடும். கடையில் கையில் எடுக்கும்போது அந்த டேப்பைப் பாருங்கள், முறை தெரிந்துவிடும். ஒட்டுகிற பசையிலும் கவனம் வேண்டும். பெட்ரோல், தின்னர் வகையறா எதுவும் நுரையைக் கரைத்துவிடும்.

ஸ்ட்ராப், பக்கிள், உள்ளே ஒட்டும் பஞ்சு எல்லாம் வெளியே வாங்கியது. அதில் தகராறு எதுவும் இல்லை. ஸ்வீடன்காரர்களின் மிப்ஸ் என்ற நழுவும் உள்தகட்டையும் வியாபாரி முதலில் கேட்டார். சாய்வாக விழும்போது தலை 10, 15 மில்லிமீட்டர் ஹெல்மெட்டுக்குள் நழுவ அது இடம் கொடுக்கும். விலை கேட்டதும் அந்தப் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

யாரைச் சந்தேகிப்பது

அறிக்கை வந்த அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்பக்கம் தோற்றிருக்கிறது, அச்சில் பின்பக்கம் மெலிந்திருக்கும் என்பது முதலாளியின் கட்சி. காலிப்பரோடு உட்கார்ந்து அளந்தோம். படத்தில் இருந்த தடிமன் அப்படியே இருந்தது.

அடுத்த சந்தேகம் எடை. ஃபோர்மேன் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். எங்கள் லைனரின், அதாவது ஓட்டுக்குள் இருக்கும் நுரையின், கன அளவு 2.1 லிட்டர். லிட்டருக்கு 80 என்றால் 168 கிராம். நோட்டில், ஓட்டின் எடையைக் கழித்து, 167, 168, 169 என்று பக்கம் பக்கமாக ஓடியது. மீன் பெட்டி வேலையில் அவ்வளவு சுத்தமான நோட்டை நான் பார்த்ததில்லை. "கிராம் சுத்தம் இது. எடையில குத்தம் இல்ல தம்பி," என்றார் அண்ணன், கொஞ்சம் கோபமாகவே.

முதலாளிக்கு ஒரு வழி தோன்றியது. "80 பத்தலைன்னா 100 போட்டுரலாமுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நுரை கெட்டியாக ஆக, நசுங்குவது குறையும். நசுங்காவிட்டால் நிற்கும் தூரம் குறையும், ஜி ஏறும். மெத்தென்று இருந்தால் அடி தட்டும், கெட்டியாக இருந்தால் முதலிலேயே முட்டும். இரண்டு பக்கமும் தோல்விதான். எந்தப் பக்கம் தவறுகிறோம் என்று தெரியாமல் அடர்த்தியை மாற்றுவது இருட்டில் கல் எறிவது போலத்தான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அறுத்துப் பார்ப்பது. சோதனைக்கூடம் திருப்பி அனுப்பிய மூன்றையும் சூட்டுக்கம்பியால் நெடுக அறுத்தோம். பின்மண்டையில் அடிபட்ட இடம் அப்பளம் போலச் சப்பையாகியிருந்தது. ஓட்டை ஒட்டிய மணிகளுக்கு வடிவமே இல்லை. ஆக, கெட்டி இல்லை, மெத்துதான். அடி தட்டியிருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். அடிபடாத இடத்தில் ஒரு துண்டை எடுத்துக் கையால் உடைத்தேன். நன்றாக வெந்த நுரை உடைந்தால் முறிவு மணிகளின் நடுவே போகும், மணி இரண்டாகப் பிளந்திருக்கும். வேகாதது மணிக்கு மணி பிரிந்து உதிரும், மாதுளை முத்து மாதிரி. உச்சந்தலைத் துண்டில் பெரும்பாலும் பிளந்திருந்தது. பின்மண்டையில் பாதிக்கு மேல் முத்து முத்தாக உதிர்ந்தது.

நோட்டு சொன்ன பொய்

அறுத்த துண்டுகளை வைத்து அடர்த்தி பார்க்கலாம் என்று தராசில் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அறுக்காமல் ஸ்டோரில் கிடந்த ஒரு லைனரையும் சும்மா வைத்துப் பார்த்தோம். ஓட்டின் எடையைக் கழித்தால் 150 கிராம். இன்னொன்று 151. இன்னொன்று 149. தராசு கெட்டுவிட்டது என்றார் அண்ணன். படிக்கல்லை வைத்தோம். தராசு சரி.

அதே லைனர்களின் பின்னால் மார்க்கரில் எழுதிய எண்ணைப் பிடித்து நோட்டைப் பார்த்தால் 168. இடையில் 18 கிராம் எங்கே போனது? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணனே சொன்னார்: "உணங்கிருச்சு." பாலக்காட்டுத் தமிழில் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நோட்டில் எடை எழுதியது அச்சிலிருந்து எடுத்த உடனே. ஸ்டீமில் வெந்து, தண்ணீர் பீய்ச்சி ஆற்றிய துண்டு அது. மணிகளின் இடுக்கெல்லாம் தண்ணீர். மீன் பெட்டியில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெட்டி ஐஸோடு ஈரத்துக்குத்தானே போகிறது. ஹெல்மெட் லைனர்களை ஒரு நாள் கொட்டகையில் வைத்துவிட்டுப் பெட்டியில் அடுக்கினார்கள். அது ஜூலை மாதம். கணவாய் வழியாக மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கிற நேரம். துணியே இரண்டு நாளானாலும் காயாது. சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வரிசையில் கிடந்த வாரங்களில்தான் அந்தத் தண்ணீர் மெல்ல வெளியேறியது. அவர்கள் சோதித்தது 80 கிராம் நுரையை அல்ல, 71 கிராம் நுரையை.

சரி, ஆனால் தொடக்கத்தில் 80 என்று அளந்துதானே மணியை உப்ப வைத்தார்கள்? இங்கேதான் எனக்கு வியர்த்தது. பிரீ எக்ஸ்பாண்டரிலிருந்து விழும் மணியை ஒரு லிட்டர் மக்கில் தலை தட்டி எடுத்து நிறுப்பதுதான் எந்த ஆலையிலும் வழக்கம். 80 கிராம் வந்தால் சரி. அந்த மணியும் ஈரம். எக்ஸ்பாண்டருக்கு அடியில் சூடான காற்று ஊதும் டிரையர் ஒன்று உண்டு. கரண்ட் செலவு என்று மீன் பெட்டிக் காலத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பாய்லரிலிருந்து வரும் லைனில், தண்ணீரைப் பிரித்து வெளியேற்றும் ஸ்டீம் டிராப் ஒன்று அடைத்துக்கொண்டு, ஸ்டீமோடு தண்ணீரும் சேர்ந்து வந்தது. மக்கில் காட்டிய 80 கிராமில் கிட்டத்தட்ட ஒன்பது கிராம் தண்ணீர். அந்தக் கணக்கை நம்பி ஆபரேட்டர் மணியை வேண்டியதற்கு மேல் உப்ப விட்டிருக்கிறார். பிறகு அந்த மணியை வார்த்து, ஈரத்தோடு நிறுத்து, மறுபடியும் 168 கிடைத்திருக்கிறது. ஒரு பொய்யை இன்னொரு பொய் வந்து சரிபார்த்துவிட்டது. நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

என் பங்கு

பின்மண்டை மட்டும் தோற்றதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. அச்சில் மணி ஊதும் கன் ஒன்றே ஒன்று, உச்சந்தலைக்கு நேரே வைத்திருந்தேன். அங்கிருந்து பின்கழுத்துப் பக்கம் போகும் மணி வளைந்து போய் விழ வேண்டும். இறுக்கமாக நிரம்பாது. ஸ்டீம் நுழையும் வென்ட்டுகளும் தடிமனான அந்த இடத்தில் குறைவு. அச்சின் அந்த முகத்தில் வென்ட் போட்டால் லைனரில் பொட்டுப் பொட்டாகத் தழும்பு விழும். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமே என்று குறைத்தேன். பேக்கிங் அச்சில் இப்படிச் செய்து இதுவரை எந்தத் தொல்லையும் வந்ததில்லை. இதை முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இன்னொரு கன், பின்பக்கம் இருமடங்கு வென்ட். அச்சைக் கழற்றி லாரியில் ஏற்றி வாளையார் தாண்டிக் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்து பூட்ட பன்னிரண்டு நாள். செலவு என்னுடையது.

நடுவில் வந்த பேச்சு

முதல் தவணையில் செய்த சுமார் 300 ஹெல்மெட் ஸ்டோரில் இருந்தன. பளபளவென்று, நீலமும் ஆரஞ்சும். முதலாளி ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார். துபாய்க்குத்தானே இ.என்.? பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கடைகளுக்குக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சட்டப்படி அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு ஹெல்மெட் போடச் சொல்வது மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைத்தான். பைக் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. அந்த ஆணை பைக் ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட்டுக்குத்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளில் நம்மூரில் ஹெல்மெட் போட்டுப் போகும் பிள்ளையை நான் பார்த்ததும் இல்லை.

"ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல் இல்லீங்களா?" என்றார்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "மொதலாளி, தலையில ஒண்ணும் இல்லாட்டி அவன் பாத்து ஓட்டுவான். இதைப் போட்டா நம்பி ஓட்டுவான்."

அந்த வாதம் முழுக்கச் சரியா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. 71 கிராம் ஹெல்மெட்டும் வெறுந்தலையைவிட நிச்சயம் நல்லதுதான். ஆனால் ஸ்டிக்கரில் 1078 என்று போட்டுவிட்டு அதை விற்பது வேறு விஷயம். முதலாளி அன்று மாலை ஸ்டோரைப் பூட்டிச் சாவியை அண்ணனிடமே கொடுத்துவிட்டார்.

இரண்டாம் தவணை

மாற்றங்கள் எல்லாமே சாதாரணமானவை. டிரையர் மறுபடி ஓடியது. ஸ்டீம் டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், அரை நாள் வேலை. மக்கில் எடுக்கும் மணியைச் சூடான காற்றில் உலர்த்திப் பிறகு நிறுக்கும் பழக்கம் வந்தது. ஆபரேட்டர் ஒடிசாக்காரப் பையன். முதல் இரண்டு நாள் இதைக் கிறுக்குத்தனம் என்று நினைத்தான். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் அவனையே நிறுக்கச் சொன்னோம். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வார்த்த லைனர்களுக்கு ஹீட்டர் போட்ட தனி அறை, 55 டிகிரி, ஒரு முழு நாள். அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தராசு. நோட்டில் இரண்டு பத்தி: ஈர எடை, உலர் எடை. உலர் எடை 165-க்குக் கீழே போனால் அந்த லைனர் கிடையாது.

ஓட்டிலும் இதே கதை நடந்திருந்தது, தனியாகக் கவனித்தோம். பாலிகார்பனேட் தகடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உலர்த்தாமல் சூடாக்கினால் உள்ளே கொப்புளம் கிளம்பும். கோவையில் ஓடு இழுத்துக் கொடுத்தவர் ஜூனில் ஒரு கட்டுத் தகட்டைக் கொப்புளமாகவே அனுப்பி, அச்சடித்த மையின் மேல் பழி போட்டார். 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து எடுத்த பிறகு கொப்புளம் நின்றது. மைக்கு ஒரு குறையும் இல்லை.

உள்ளூரிலேயே சோதிக்க ஒரு வழியும் கண்டோம். ஐந்து கிலோ இரும்புக் குண்டு, இரண்டு ஜிஐ பைப் தண்டவாளம், கீழே தடித்த இரும்புத் தகடு. முடுக்கம் அளக்கும் கருவி எல்லாம் இல்லை. ஒன்றரை மீட்டரில் விட்டு, அறுத்து, எவ்வளவு நசுங்கியது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்போம். நசுங்கல் பாதித் தடிமனைத் தாண்டினால் அந்த நாள் வேலை நிற்கும். சோதனைக்கூடத்துக்கு இது ஈடு இல்லை. ஆனால் கூடத்திலிருந்து பதில் வர வாரங்கள் ஆகும், எங்கள் குண்டு அரை மணியில் பதில் சொல்லும். முதல் தவணை லைனரை அதில் போட்டபோது கொட்டகையே அதிர்ந்தது. புதியதில் சத்தமே வேறு, மொத்தென்று. அண்ணன் அதைக் கேட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பரில் அனுப்பியவை தேறின. 50 டிகிரியில் ஊற வைத்தது, மைனஸ் 20-ல் உறைய வைத்தது, தண்ணீரும் புற ஊதா வெளிச்சமும் காட்டியது, எல்லாமே. பின்மண்டை எண்கள் 250-க்கு நன்றாகவே கீழே. துபாய் வியாபாரி அதற்குள் சீனாவில் வாங்கிவிட்டார். கடைசியில் கோவை சைக்கிள் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார், பேசியதைவிடக் குறைந்த விலைக்கு.

பூட்டிக் கிடந்த 300-ஐ அரைத்து மீன் பெட்டி மணியில் கலந்துவிடலாம் என்று டிசம்பரில் முடிவானது. கழிவு நுரையைக் கொஞ்சம் அப்படிச் சேர்ப்பது வழக்கம்தான். அதற்கு முதலில் ஓட்டை உரிக்க வேண்டும். இரண்டு பேர் கத்தியும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து ஒரு நாள் முழுக்கப் போராடினார்கள். நுரை பிய்ந்து பிய்ந்து வந்தது, ஓடு வரவே இல்லை. மாலையில் நான் போனபோது எட்டு உரித்திருந்தார்கள்.

"ஒட்டு மட்டும் நல்லா பிடிச்சிருக்கு தம்பி," என்றார் அண்ணன்.